36 கபகாக்கள்: புகாண்டா மன்னர் பட்டியலைப் படிப்பது எப்படி

புகாண்டா மன்னர்களின் பட்டியலைத் தேடி எடுத்தால் 36 பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். முதலில் கிந்து, கடைசியில் இப்போது அரியணையில் இருக்கும் இரண்டாம் முதேபி. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஆட்சி ஆண்டு வேறு போட்டிருப்பார்கள். பலர் மேலே இருந்து ஆரம்பித்து கிந்து, சுவா, கிமேரா, தெம்போ என்று நாலைந்து பெயர் போவார்கள், அதற்குள் எல்லாப் பெயரும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிடும், மூடி வைத்துவிடுவார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை, ஆரம்பித்த இடம்தான் தப்பு. இந்தப் பட்டியலை ஒரு பழைய குடும்பச் சொத்துப் பத்திரத்தைப் படிப்பதுபோல் படிக்க வேண்டும். யார் யாருடைய மகன், எந்தத் தாய் வயிற்றில் பிறந்தவர், அந்தத் தாயின் குலம் எது, செத்த பிறகு அவர் எங்கே வைக்கப்பட்டார் என்று கேட்டுக்கொண்டே போனால் பெயர்கள் தானாக மனதில் நிற்கும். எண்ணையும் ஆண்டையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் அடிப்படை. விக்டோரியா ஏரியின் வடக்கு, மேற்குக் கரைகளை ஒட்டிய ராஜ்ஜியம் புகாண்டா. அது இன்றைய உகாண்டா நாட்டின் ஒரு பகுதி, தலைநகர் கம்பாலா அதற்குள்தான் இருக்கிறது. மன்னரின் பட்டம் கபகா. மக்கள் பகாண்டா, அவர்களில் ஒருவர் முகாண்டா, மொழி லுகாண்டா. நாட்டையும் ராஜ்ஜியத்தையும் குழப்பிக்கொள்வதுதான் படிப்பவர்கள் செய்யும் முதல் பிழை. கபகா உகாண்டாவின் மன்னர் அல்ல. புன்யோரோ, தோரோ, புசோகா என்று அதே நாட்டில் வேறு அரசுகளும் உண்டு, அவற்றுக்கு வேறு மன்னர்கள். இன்னொன்று, கபகாவைப் பழங்குடித் தலைவர் என்று எழுதும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பிரதமர், மன்றம், வரி, படை, சாலை என்று எல்லாம் வைத்திருந்த ஓர் அரசின் மன்னர் அவர்.

கீழிருந்து மேலே போங்கள்

ஆரம்பிக்க வேண்டிய இடம் 30-ஆவது பெயர், முதலாம் முதேசா. 1856-ல் பட்டத்துக்கு வந்தவர், 1884-ல் இறந்தவர். இவரிலிருந்து கீழே வரும் ஏழு பேருக்கும் ஆண்டுகள் உறுதியானவை, ஏனென்றால் வெளியிலிருந்து வந்தவர்களும் உள்ளூர்க்காரர்களும் எழுத்தில் பதிந்துவைத்தார்கள். 1862-ல் ஸ்பீக் என்ற ஆங்கிலேயப் பயணி இவருடைய அரண்மனைக்கு வந்தார், 1875-ல் ஸ்டான்லி என்ற இன்னொரு பயணி வந்தார். ஸ்டான்லி வந்துபோன பிறகு 1877-ல் ஆங்கிலிகன் பாதிரிமாரும் 1879-ல் கத்தோலிக்கப் பாதிரிமாரும் வந்து இறங்கினார்கள். இஸ்லாம் அதற்கு முன்பே வந்துவிட்டது. முதேசாவின் தந்தை இரண்டாம் சூனா காலத்தில், 1844-ல், கடற்கரையிலிருந்து அரபு வணிகர்கள் அரண்மனைக்கு வந்திருந்தார்கள். மூன்று தரப்பையும் ஒரே முற்றத்தில் வைத்துக்கொண்டு, யாருக்கும் முழுசாகப் பிடிகொடுக்காமல் 28 ஆண்டு ஓட்டிய ஆள் முதேசா. அது சாதாரணத் திறமை இல்லை என்பது மகன் ஆட்சிக்கு வந்ததும் தெரிந்துவிட்டது.

மகன் இரண்டாம் முவாங்கா, 31-ஆவது பெயர். இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் பட்டியலில் ஆட்கள் மிக அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இதுதான். 1884-ல் 16 வயதில் வருகிறார். 1885-ல் ஆங்கிலிகன் பிஷப் ஹானிங்டன் கொல்லப்படுகிறார், 1886 ஜூன் 3 அன்று நமுகோங்கோவில் கிறிஸ்தவராக மாறிய அரண்மனை இளைஞர்கள் பலர் எரிக்கப்படுகிறார்கள். இன்றும் அந்த நாள் உகாண்டாவில் பெரிய யாத்திரை நாள். 1888-ல் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்து அவரைத் துரத்திவிட்டு அண்ணன் கிவேவாவை உட்கார வைக்கிறார்கள், அது 32. சில வாரங்கள்தான். விருத்தசேதனம் செய்துகொள்ள மறுத்ததும் முஸ்லிம் தரப்பு அவரையும் இறக்கிவிட்டுக் கலேமாவை ஏற்றுகிறது, அது 33. கலேமா அரச வாரிசுகள் பலரைக் கொல்கிறார். 1889-ல் முவாங்கா திரும்பி வருகிறார். திரும்பி வந்தவருக்குப் புது எண் கிடையாது, பழைய 31 தான். அதனால் பட்டியலில் 31-க்குப் பிறகு 32, 33 என்று வரிசையாக நின்றாலும், நிஜத்தில் அந்த இருவரின் ஆட்சியும் 31-ஆம் ஆட்சிக்கு நடுவில் செருகப்பட்டது. இதைக் கவனிக்காமல் வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனால் கணக்கு இடிக்கும்.

1897-ல் முவாங்கா ஆங்கிலேயருக்கு எதிராகப் போர் தொடுத்துத் தோற்று, கடைசியில் புன்யோரோ மன்னர் கபலேகாவோடு சேர்த்து சீஷெல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கேயே 1903-ல் இறந்தார், உடல் 1910-ல் ஊருக்கு வந்தது. அவர் இடத்தில் 1897-ல் வைக்கப்பட்டது அவருடைய மகன் இரண்டாம் டாவுடி சுவா. அப்போது வயது ஒன்று. நிஜ ஆட்சி மூன்று பொறுப்பாட்சியாளர்கள் கையில்: அப்போலோ கக்வா, ஸ்தானிஸ்லாஸ் முக்வான்யா, சக்காரியா கிசிங்கிரி. 1900-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் ஆங்கிலேயரோடு கையெழுத்துப் போட்டவர்கள் இவர்கள்தான். நிலத்தைச் சதுர மைல் கணக்கில் பிரித்துப் பிரபுக்களுக்குச் சொந்தமாக்கிய ஒப்பந்தம் அது. இந்த மூவரில் கக்வாவின் பெயரை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்தவர் இரண்டாம் முதேசா, 1939 முதல். 1953 நவம்பர் 30 அன்று ஆங்கிலேய ஆளுநர் ஆண்ட்ரூ கோஹன் இவரை லண்டனுக்கு நாடு கடத்தினார். புகாண்டாவே கொந்தளித்தது, 1955 அக்டோபரில் திருப்பி அனுப்பவேண்டியதாயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகு 1963-ல் இவர் உகாண்டாவின் குடியரசுத் தலைவரும் ஆனார். ஒரே ஆள் ஒரு பக்கம் கபகா, இன்னொரு பக்கம் முழு நாட்டுக்கும் தலைவர். இந்த இரட்டை வேடம் நிலைக்காது என்பது 1964-லேயே தெரிந்தது. ஆங்கிலேயர் புன்யோரோவிடமிருந்து பிடுங்கிப் புகாண்டாவுக்குக் கொடுத்திருந்த புயாகா, புகங்கைசி என்ற இரண்டு மாவட்டங்களுக்கு வாக்கெடுப்பு நடந்தது, மக்கள் புன்யோரோவோடு போனார்கள். புகாண்டாவின் மன்னராக அதை ஏற்க முடியாது, நாட்டின் தலைவராக மறுக்கவும் முடியாது. 1966 மே 24 அன்று, பிரதமராக இருந்து அதற்குள் தானே குடியரசுத் தலைவராகிவிட்ட ஒபோட்டேயின் உத்தரவில், இடி அமீன் தலைமையில் ராணுவம் கம்பாலாவில் கபகாவின் மெங்கோ அரண்மனையைத் தாக்கியது. முதேசா தப்பி லண்டன் போய், 1969 நவம்பரில் அங்கேயே இறந்தார்.

இங்கேயும் ஆண்டைக் கவனியுங்கள். பட்டியல்களில் இவருக்கு 1939–1969 என்று இருக்கும். ஆனால் 1967 அரசியலமைப்பு எல்லா ராஜ்ஜியங்களையும் ஒழித்துவிட்டது. சட்டத்தின் கண்ணில் கடைசி இரண்டு ஆண்டு அவர் மன்னரே அல்ல, புகாண்டாவின் கண்ணில் சாகும்வரை மன்னர். 1969-க்கும் 1993-க்கும் நடுவில் வெற்றிடம். 1993 ஜூலை 31 அன்று அவர் மகன் இரண்டாம் முதேபி புத்தோ மலையில் உள்ள நகலாபியில் முடிசூடினார், 36-ஆவது கபகா. அரசியல் அதிகாரம் திரும்பவில்லை. 1995 அரசியலமைப்பின்படி பாரம்பரிய மன்னர்கள் கட்சி அரசியலில் இறங்கக்கூடாது. ஆனாலும் கத்திக்கிரோ என்ற பிரதமரும் லுகிகோ என்ற மன்றமும் மெங்கோவில் இயங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

அண்ணன் தம்பிகளைத் தனியாகப் பிரியுங்கள்

சரி, இப்போது மேலே உள்ள 29 பேர். இங்கேதான் எண்ணை நம்பக்கூடாது. ஒரு தாளை எடுத்து, ஒரே தந்தைக்குப் பிறந்து ஒருவர்பின் ஒருவராக ஆண்டவர்களை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். நகிபிங்கேயின் மகன்கள் முலோண்டோ, ஜெம்பா, முதலாம் சூனா. கதெரெக்காவின் மகன்கள் முதலாம் முதேபி, ஜூகோ, கயெம்பா. ன்டவுலாவின் மகன்கள் ககுலு, கிகுல்வே, மவாண்டா. அடுத்து முதலாம் முவாங்கா, நமுகலா, கியபாகு என்ற மூன்று சகோதரர்கள். நாம் ஏற்கெனவே பார்த்த இரண்டாம் முவாங்கா, கிவேவா, கலேமா மூவரும் முதலாம் முதேசாவின் மகன்கள். மும்மூன்றாக ஐந்து கூட்டம், 15 மன்னர்கள், ஐந்தே தலைமுறை!

அப்புறம் 36 தலைமுறை என்று பெருக்கி ராஜ்ஜியத்தின் வயதை ஆயிரம் ஆண்டுக்கு இழுப்பதில் அர்த்தமில்லை. ஒன்றுவிட்ட சகோதரர்களையும் ஒரே வரியில் சேர்த்து, நடுவில் ஆட்சிக்கு வராமலே செத்த தந்தைமாரையும் கணக்கில் எடுத்தால், மரபு சொல்லும் வரிசை ஏறத்தாழ 25 தலைமுறையில் வந்து நிற்கிறது. ஒரு தலைமுறைக்கு 27 முதல் 30 ஆண்டு வைத்துப் பின்னோக்கிப் போவதுதான் வரலாற்றாசிரியர்கள் செய்யும் வேலை. 1856-க்கு முன்னால் நீங்கள் பார்க்கும் ஆட்சி ஆண்டுகள் பெரும்பாலும் அப்படிப் போட்ட மதிப்பீடுகள். அவற்றைப் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், மையால் வேண்டாம்.

கல்வெட்டையும் மெய்க்கீர்த்தியையும் வைத்துக் காலக்கணக்கு போடப் பழகிய நமக்கு இது கொஞ்சம் கை நழுவுவதுபோல் இருக்கும். அங்கே எழுத்து வந்ததே 19-ஆம் நூற்றாண்டில்தான், அதற்கு முன் எல்லாம் வாய்வழி. பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்று சூரிய கிரகணங்களைத் தேடியவர்கள் உண்டு. ஜூகோ காலத்தில் சூரியன் மறைந்த கதையை 1680-ஆம் ஆண்டு கிரகணத்தோடும், நகிபிங்கே காலத்துப் புன்யோரோ மன்னர் படையெடுத்தபோது பக்கத்து அரசான அன்கோலேயின் பிஹார்வேயில் பகல் இருண்ட கதையை 1520-ஆம் ஆண்டு கிரகணத்தோடும் இணைப்பார்கள். இரண்டும் கேட்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒரு கதையில் வரும் இருட்டு எந்தக் கிரகணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, வேறு கிரகணங்களும் அந்தப் பக்கம் தெரிந்திருக்கின்றன. என் கணிப்பில், இவை தோராயமாக நூற்றாண்டைச் சொல்ல உதவும், ஆண்டைச் சொல்ல உதவாது.

ஏன் இத்தனை சகோதரர்கள்? மூத்த மகனுக்கே பட்டம் என்ற விதி அங்கே இல்லை. சொல்லப்போனால் நேர் எதிர். மன்னரின் மூத்த மகனுக்குக் கிவேவா என்று பட்டம் கொடுத்து, சகோதரர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொடுத்து, அரியணைக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். (1888-ல் ஏற்றப்பட்ட கிவேவா அப்படி ஒதுக்கப்பட்டவர்தான். அவரை உட்கார வைத்ததே வழக்கத்தை உடைத்த செயல்.) மற்ற இளவரசர்கள் எல்லாரும் போட்டியில் இருப்பார்கள். மன்னர் உயிரோடு இருக்கும்போது வாரிசு யார் என்று அறிவிப்பதில்லை. மறைந்த பிறகு கத்திக்கிரோவும் இளவரசர்களுக்குப் பொறுப்பான கசுஜூ போன்ற குலப் பெரியவர்களும் ஒருவரைக் காட்டுவார்கள். அதனால் இன்றைய கபகாவுக்குப் பிறகு யார் என்று எங்காவது உறுதியாக எழுதியிருந்தால் அது எழுதியவரின் ஊகம் என்று விட்டுவிடலாம்.

போட்டி இருந்தால் ரத்தமும் இருக்கும். மவாண்டா தன் சகோதரன் வழி வந்த இளவரசர்கள் கையால் கொல்லப்பட்டார். ஜுன்ஜுவைக் கவிழ்த்துவிட்டுத்தான் தம்பி செமகோகிரோ வந்தார், அவரோ தன் மேல் யாரும் அப்படிக் கிளம்பிவிடக்கூடாது என்று சொந்த மகன்கள் பலரைக் கொன்றார். கொடூரமான விஷயம்தான், ஆனால் பட்டியலில் அதன் விளைவு பளிச்சென்று தெரிகிறது. 27-ஆவது செமகோகிரோ, அவர் மகன் 28-ஆவது கமான்யா, அவர் மகன் 29-ஆவது இரண்டாம் சூனா, அவர் மகன் 30-ஆவது முதலாம் முதேசா. அதுவரை தம்பிக்குத் தம்பி கைமாறிய பட்டம் தந்தையிடமிருந்து மகனுக்கு நேராக இறங்குகிறது. அரியணையின் பலம் எப்போது கூடியது என்று கேட்டால் நான் இந்த நாலு பெயரைத்தான் காட்டுவேன்.

தாயைத் தேடுங்கள்

இதுவரை தந்தை வழி பார்த்தோம். புகாண்டாவில் எல்லாரும் தந்தையின் குலத்தைச் சேர்ந்தவர்கள், மன்னர் குடும்பத்தைத் தவிர. அரச குலம் என்று தனியாக ஒன்று கிடையாது. இளவரசன் தாயின் குலத்தோடு சேர்த்து எண்ணப்படுவான். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பட்டியல் முழுக்க வேறு மாதிரித் தெரியும், ஏனென்றால் எந்தக் குலத்தின் பெண்ணுக்கும் பிறக்கும் பையன் நாளைக்குக் கபகா ஆகலாம், ஆக எல்லாக் குலத்துக்கும் அரியணையில் பங்கு உண்டு, எல்லாக் குலமும் தன் பெண்ணை அரண்மனைக்குக் கொடுக்க முந்தும்.

வழக்கமாகச் சொல்லும் கணக்கு 52 குலங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குலச்சின்னம், பெரும்பாலும் விலங்கோ பூச்சியோ செடியோ. முதலாம் முதேசாவின் தாய் முகன்சிர்வாசா யானைக் குலம். டாவுடி சுவாவின் தாய் எவலின் குலபாகோ மான் குலம். இரண்டாம் முதேசாவின் தாய் ஐரீன் நமகண்டா பசுக் குலம். இப்போதைய கபகாவின் தாய் சாரா கிசோசொன்கோலே குரங்குக் குலம். நாலு மன்னர்கள், நாலு குலங்கள். பட்டியலில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இப்படித் தாயின் குலத்தை எழுதுங்கள். எந்தக் காலத்தில் எந்தக் குலம் அரண்மனைக்குள் செல்வாக்கோடு இருந்தது என்ற வரைபடம் கையில் கிடைத்துவிடும். அதனால்தான் தாயின் பெயர் இல்லாத பட்டியலை நான் அரைகுறை என்றே சொல்வேன்.

மன்னரின் தாய்க்கு நமசோலே என்று பட்டம். தனி அரண்மனை, தனி நிலம், தனி அதிகாரிகள். மகன் இருக்கும் மலையில் இருக்க மாட்டார், நடுவே ஓடும் நீர் ஒன்று இருக்க வேண்டும். கணவர் போன பிறகு மறுமணம் கூடாது என்பதும் வழக்கம். 1941-ல் ஐரீன் நமகண்டா ஒரு சாதாரண ஆளை மணக்க விரும்பியபோது புகாண்டா இரண்டு பட்டது. அவருக்கு ஆதரவாக நின்ற கத்திக்கிரோ மார்ட்டின் லூதர் சிபிர்வா பதவியை இழந்தார், பிறகு 1945-ல் திரும்பப் பதவிக்கு வந்தவரை நமிரெம்பே பேராலய வாசலில் சுட்டுக்கொன்றார்கள். அந்தக் கொலைக்குப் பின்னால் நிலத் தகராறு உட்பட வேறு காரணங்களும் இருந்தன. பட்டியலில் பெயரே இல்லாத பெண்களை விட்டுவிட்டால் பெயர் உள்ள ஆண்களின் கதை பாதி புரியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பழைய காலத்திலும் அப்படித்தான். நகிபிங்கே புன்யோரோவோடு போரில் செத்தபோது அவர் மனைவி நன்னோனோ கர்ப்பமாக இருந்தார், ஆண் பிறந்தால் அவன்தான் மன்னன் என்று சொல்லி அவரே ஆட்சி நடத்தினார், பிறந்ததோ பெண். எண் கொடுக்கப்படாத ஆட்சி அது. ககுலுவின் கொடுமை தாங்காமல் எழுந்த கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியது அவர் சகோதரி நசோலோ. தன் முன் மண்டியிடுபவர்களுக்குக் கீழே கூரான இரும்பு ஊசிகள் பதித்த விரிப்பைப் போட்ட மன்னர் என்று ககுலுவைப் பற்றி மரபு சொல்கிறது. ஏரியில் மூழ்கடித்துக் கொன்றார்கள்.

செத்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

பட்டியலைச் சரிபார்க்க இன்னொரு வழி, கல்லறைகள். முதலாம் முதேசாவுக்கு முன்பு வரை மன்னரின் உடல் ஓர் இடம், தாடை எலும்பு வேறு இடம். தாடை எலும்பைப் பிரித்து அலங்கரித்து, மன்னர் பிறந்தபோது எடுத்துவைத்த தொப்புள்கொடியோடு சேர்த்து ஒரு கோயிலில் வைப்பார்கள். அந்தக் கோயிலில் மன்னரின் ஆவி ஒரு சாமியாடி வாயிலாகப் பேசும், அவருடைய தாய், சகோதரி, பிரதமர் பதவிகளில் ஆள் மாற்றி ஆள் வந்து சபை தொடரும். செத்த பிறகும் ஒவ்வொரு கபகாவுக்கும் ஒரு குட்டி அரசவை இருந்தது. இந்தக் கோயில்கள் பெரும்பாலும் புசிரோ மாவட்டத்தில் இருக்கின்றன. எழுத்து இல்லாத ஊரில் மன்னர் பெயர்கள் நிலைத்ததற்கு இது பெரிய காரணம். பெயரை மறந்தாலும் கோயிலும் அதைப் பார்த்துக்கொள்ளும் குலமும் மறக்க விடாது. ஆனால் கோயில் இருப்பது மட்டுமே அந்த மன்னர் வாழ்ந்ததற்குச் சாட்சி ஆகிவிடாது, பிற்காலத்தில் கட்டிச் சேர்த்ததாகவும் இருக்கலாம்.

இரண்டாம் சூனாவின் கல்லறை வமாலாவில். முதலாம் முதேசா வழக்கத்தை மாற்றினார். அவர் உடல் பிரிக்கப்படாமல் கம்பாலாவில் உள்ள கசுபியில், அவரே 1882-ல் கட்டிய அரண்மனையில் வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு இரண்டாம் முவாங்கா, டாவுடி சுவா, இரண்டாம் முதேசா மூவரும் அங்கேயே சேர்ந்தார்கள். நாலு மன்னர்கள், ஒரே கூரை. அந்தக் கூரையின் உட்புறம் 52 புல் வளையங்கள், குலத்துக்கு ஒன்றாக. கூரை வேயும் உரிமை கொலோபஸ் குரங்குக் குலத்துக்குத்தான். 2001-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம், 2010 மார்ச் 16 இரவு எரிந்துபோனது. திரும்பக் கட்டி முடித்து, 2023-ல் ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். போக நேர்ந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள், தொங்கும் மரவுரித் திரைக்குப் பின்னால் எட்டிப்பார்க்காதீர்கள். அந்தப் பக்கம் காடு என்பது ஐதீகம், மன்னர்கள் சாகவில்லை, அந்தக் காட்டுக்குள் போயிருக்கிறார்கள்.

பட்டியலை எழுதியது யார் என்று கேளுங்கள்

கக்வாவை நினைவில் வைக்கச் சொன்னேனே, அவருடைய இடம் இதுதான். இன்று எல்லாரும் காப்பி அடிக்கும் வரிசை, அப்போலோ கக்வா பெரியவர்களையும் கோயில்களையும் கேட்டு லுகாண்டாவில் எழுதி 1901-ல் அச்சிட்ட மன்னர் வரலாற்றிலிருந்து வந்தது. மனிதர் சாதாரண எழுத்தாளர் இல்லை. 1889 முதல் 1926 வரை கத்திக்கிரோ, புராட்டஸ்டண்ட் தரப்பின் தலைவர், குழந்தை மன்னனின் பொறுப்பாட்சியாளர், வெட்டுக்கிளிக் குலத்தவர், 1900 ஒப்பந்தத்தில் பெரிய அளவில் லாபம் அடைந்தவர். அவர் இல்லாவிட்டால் பாதி மரபு அழிந்திருக்கும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எந்த மன்னர் எந்த மலையை எந்தக் குலத்துக்குக் கொடுத்தார் என்ற கேள்வி அப்போது நிலப் பட்டாவின் கேள்வியாக மாறியிருந்தது. 1920-களில் குலத் தலைவர்கள், எங்கள் முன்னோரைப் புதைத்த நிலத்தையெல்லாம் பிரபுக்கள் எழுதி வாங்கிவிட்டார்கள் என்று கிளம்பியபோது இரண்டு பக்கமும் பழைய கபகாக்களின் பெயரைச் சொல்லித்தான் சண்டை போட்டன. அப்படிப்பட்ட நேரத்தில் எழுதப்பட்ட வரலாற்றை அதற்குரிய கவனத்தோடுதான் படிக்க வேண்டும்.

கக்வாவுக்கு முன்னால் வெளியார் குறித்த பட்டியல்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்பீக் எழுதிக்கொண்டது மிகச் சின்னது, ஸ்டான்லி எழுதியது அதைவிட ரொம்ப நீளம். பதின்மூன்று ஆண்டு இடைவெளியில் மன்னர்கள் பெருகினார்களா, இல்லை கேட்ட விதம் மாறியதா? பழைய பெயர்களில் சில பிற்பாடு சேர்ந்தவை என்று சந்தேகிக்கும் ஆய்வாளர்கள் உண்டு. ஸ்பீக்குக்கு யாரும் முழுசாகச் சொல்லவில்லை என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது பக்கம் கொஞ்சம் சாய்கிறேன், ஆனால் முதல் ஏழெட்டுப் பெயர்களுக்கு மட்டும் அந்தச் சலுகையைக் கொடுக்க மாட்டேன்.

ஆரம்பத்தைக் கடைசியில் படியுங்கள்

இப்போதுதான் கிந்துவிடம் போக வேண்டும். கிந்துவுக்கு இரண்டு முகம். ஒன்று, வானத்து ஆள் குலுவின் மகள் நம்பியை மணந்து பூமிக்கு வந்த முதல் மனிதன். அவர்கள் பின்னாலேயே நம்பியின் சகோதரன் வலும்பே, அதாவது மரணம், வந்து சேர்ந்துவிட்டது. இன்னொன்று, பெம்பா என்ற கொடுங்கோலனைப் புத்தோவுக்குப் பக்கத்தில் தோற்கடித்து, அங்கிருந்த குலங்களை ஒன்றாக்கிய தலைவன். முதல் கதையைப் புராணமாகவும் இரண்டாவதை அரசியல் நினைவாகவும் வைத்துக்கொள்ளுங்கள். 36-ஆவது கபகா முடிசூடியதும் அதே புத்தோ மலையில்தான். முடிசூட்டும் உரிமை முகெமா என்ற பட்டம் தாங்கிய குரங்குக் குலத் தலைவருக்கு.

இரண்டாமவர் முதலாம் சுவா எங்கோ போய்க் காணாமல் போகிறார், நடுவில் செப்வானா என்பவர் பொறுப்பு வகிக்கிறார், அப்புறம் மூன்றாமவர் கிமேரா மேற்கே புன்யோரோவிலிருந்து வருகிறார். புகாண்டா சொல்வது: சுவாவின் மகன் கலெமேரா புன்யோரோ மன்னரின் அரண்மனையில் தங்கியிருந்தபோது அங்கே மன்னரின் மனைவி வன்யானாவுக்குப் பிறந்தவன் கிமேரா, ஆக ரத்தம் நம் ரத்தம்தான். புன்யோரோ சொல்வது: எங்கள் பிட்டோ வம்சத்தின் முதல் மன்னர் ருகிடியின் இரட்டைச் சகோதரன், இளையவன், கிமேரா. ஒரே ஆள், இரண்டு பக்கமும் அவரைத் தன் வீட்டுப் பிள்ளை என்கிறது. எது உண்மை என்று தீர்ப்பு சொல்ல அவசரப்படாதீர்கள். பிட்டோ கதையில் புன்யோரோ அண்ணன், புகாண்டா தம்பி. புகாண்டா கதையில் அந்தப் படிநிலையே இல்லை. இரண்டு அரசுகளும் பல நூறு ஆண்டு சண்டை போட்டவை என்பதை வைத்துக்கொண்டு படித்தால், கிமேரா எங்கே பிறந்தார் என்பதைவிட யாருக்கு எந்தப் பிறப்பு தேவைப்பட்டது என்பதுதான் தெளிவாகத் தெரியும்.

பக்கத்து அரசுகளுக்கும் இதே வழிதான். புன்யோரோவில், தோரோவில் மன்னர் பட்டம் ஒமுகாமா. தோரோவில் 1995-ல் ஓயோ மூன்று வயதில் பட்டம் ஏறினார், அங்கேயும் தாயும் பொறுப்பாட்சியாளர்களும் யார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். புசோகாவில் பட்டம் கியபசிங்கா. அன்கோலேயின் ஒமுகாபேவை மட்டும் அரசு மீண்டும் அங்கீகரிக்கவில்லை. புன்யோரோ பட்டியலை எடுத்தால், கையில் இருக்கும் புகாண்டா தாளைப் பக்கத்தில் வைத்து, எந்த மன்னர் எந்தக் கபகாவோடு போரிட்டார் என்று கோடு போட்டு இணையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே போரைச் சொல்லும் இடம் நகிபிங்கேயின் சாவு மாதிரி ஒன்று கிடைத்தால், அதைச் சுற்றித்தான் மற்ற பெயர்களை நகர்த்தி வைக்க வேண்டும். கோடு எங்கேயும் விழாத பெயர்களைப் பென்சிலிலேயே விட்டுவிடுங்கள்.